மீன்காட்டிக் கருவியும் வலியறிதலும்

இரு பொருள்கள் கூடி ஒரு வினையைச் செய்யுமிடத்து, அவ்விரண்டன் வலியும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும் என்பது உலகறிந்த உண்மை. வண்டிக்கு எருதையும், ஏற்றத்திற்குச் சாலையும், கல்லிற்கு உளியையும் அளவறிந்து தேர்ந்துகொள்ளும் நம் மக்கள், மின்விசையால் இயங்கும் புதுக்கருவிகளை வாங்குமிடத்து மட்டும் இதனை மறந்து, எண் பெரிதாயின் பொருளும் சிறந்ததாகும் என்று மயங்குகின்றனர். இம்மயக்கத்தால் நேரும் இழப்பு, செல்வர்க்குச் சிறிது. கடன்பட்டுப் படகு செலுத்தும் மீனவர்க்கோ பெரிது. ஆகலின், இக்காலத்து மீனவர் பலர் படகிற் பூட்டிக்கொள்ளும் மீன்காட்டிக் கருவியையும், அதனோடு இணையும் டிரான்ஸ்டியூசரையும் வலியறிந்து பொருத்தும் முறை யாது என்பதையும், அம்முறை நம் கடற்கரைக்குத் தமிழில் எட்டவேண்டுவதன் இன்றியமையாமையையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றேன்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவனுக்கு வாட்டும் அதிர்வெண்ணும் எற்றுக்கு என அன்பர் சிலர் வினவலாம். யான் பிறந்த திருவாமாத்தூர், விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையில் அமைந்த உள்நாட்டூர், கடலைக் காணாதது. எனினும், திண்டிவனத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை மரக்காணத்து உப்பளங்களை அடைந்து கடற்கரையில் முடிகின்றது. சிறுபாணாற்றுப்படைக்குத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இப்பகுதியே என்றும், அந்நூல் கூறும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது என்றும், எயிற்பட்டினம் மரக்காணமே என்றும் அறிஞர் கொள்வர். பழைய நெய்தல் நிலத்தைப் பாடநூலிற் கண்டு மகிழ்ந்துவிட்டு, அந்நிலத்து மக்கள் இன்று படும் இடரைக் கேளாதிருத்தல் கற்றவர்க்கு அழகன்று. அன்றியும், அவ்விடரில் ஒரு பாதி மொழியால் விளைவது. எனவே இவ்வழக்கில் தமிழ் மாணவனுக்கும் உரிமை உண்டு.

முதற்கண், கருவியின் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். மீனவர் எக்கோ சவுண்டர் என வழங்கும் இக்கருவி, கடலடி நோக்கி ஓர் ஒலியைச் செலுத்தி, அது தரையிலோ மீன்கூட்டத்திலோ பட்டு மீளும் காலத்தை அளந்து ஆழத்தைத் திரையிற் காட்டுகின்றது. கடல்நீரில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஒலி சென்று மீளப் பத்தில் ஒரு வினாடி ஆயிற்றென்றால், சென்று வந்த வழி 150 மீட்டர். ஆழம் அதிற் பாதியாகிய 75 மீட்டர். இது நம் மீனவர் வழக்கில் ஏறக்குறைய 41 பாகம். 1880 ஆம் ஆண்டில் கியூரி சகோதரர் இருவர், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுதலைக் கண்டனர். முதல் உலகப் போர்க்காலத்தில் லாஞ்சவென் என்னும் பிரெஞ்சு அறிஞர் அப்படிகத்தைக் கொண்டு நீருள் ஒலியெழுப்பவும் எதிரொலியைப் பற்றவும் வழிகண்டார். 1948 ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நாகசாகியைச் சார்ந்த ஃபுருனோ சகோதரர்கள் இம்முறையை மீனவர் கைக்கு எளிதாக்கி, மீன்காட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். போர்க்கலத்தைத் தேடப் பிறந்த கருவி உணவைத் தேடப் பயன்பட்டமை மகிழ்தற்குரியதே.

இக்கருவி இரண்டு உறுப்புக்களால் ஆயது. ஒன்று, படகின்மேல் நம் கண்முன் நிற்கும் திரையுடைய பெட்டி. மற்றொன்று, படகின் அடியில் நீரைத் தொட்டு நிற்கும் டிரான்ஸ்டியூசர். பெட்டி மின்துடிப்பைப் பிறப்பிக்கும். டிரான்ஸ்டியூசரின் உள்ளிருக்கும் பீங்கான் போன்ற வில்லை அத்துடிப்பால் அதிர்ந்து ஒலியாக்கும். மீண்டு வரும் மெல்லிய எதிரொலியை அவ்வில்லையே மறுபடியும் மின்சாரமாக்கிப் பெட்டிக்கு அனுப்பும். ஆகவே, வாயும் செவியும் டிரான்ஸ்டியூசரே. கண்ணும் கருத்தும் பெட்டியே. இவ்விரண்டையும் ஒரே காலத்தில் ஒரே கடையில் ஒரு தொகுதியாக வாங்குவார்க்குப் பெரும்பாலும் துன்பம் இல்லை. பெட்டியை ஓராண்டிலும் டிரான்ஸ்டியூசரை மற்றோராண்டிலும், ஒன்றைப் புதிதாகவும் மற்றொன்றைப் பழையதாகவும் வாங்குவார்க்கே இடர் தோன்றுகின்றது. நம் கடற்கரையில் சிறு படகு உடையார் அங்ஙனம் வாங்குதல் வறுமையின் பாற்பட்டது. அதனைக் குற்றமென்றல் கூடாது.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. செய்யும் வினையின் வலியும், தன் வலியும், எதிர்நிற்பவன் வலியும், துணையாவார் வலியும் சீர்தூக்கிச் செயல்புரிக என்பது அதன் தொடக்கத்துக் கருத்து. அரசர்க்குக் கூறிய அவ்வறிவு இக்கருவிக்கும் முற்றும் பொருந்தும். பெட்டி வெளியிடும் ஆற்றலைச் செலுத்து திறன் என்றும், டிரான்ஸ்டியூசர் பழுதின்றி ஏற்கும் ஆற்றலைத் தாங்கு திறன் என்றும் கொள்வோமாக. தாங்கு திறன் செலுத்து திறனுக்கு ஒத்ததாகவோ மிக்கதாகவோ இருத்தல் வேண்டும்; ஒருபோதும் குறைந்ததாக இருத்தல் ஆகாது. 600 வாட் செலுத்தும் பெட்டிக்கு 600 வாட் தாங்கும் டிரான்ஸ்டியூசர் தக்கது. 1 கிலோவாட் தாங்குவதும் கேடு செய்யாது. 1 கிலோவாட் செலுத்தும் பெட்டிக்கு 600 வாட் மட்டுமே தாங்கும் டிரான்ஸ்டியூசரைப் பூட்டுதலோ, அதனை நாளடைவிற் கொல்லுதலாகும். சில பெட்டிகளில் செலுத்து திறனைக் குறைத்து வைக்கும் வசதி உண்டு. அதனை முன்னரே குறைத்துவைத்தால் ஒழிய இவ்விணைப்புத் தகாது.

இவ்விதி ஒரு பக்கம் கண்டிப்பாகவும் மறுபக்கம் நெகிழ்ந்தும் இருப்பதன் காரணத்தை விளக்க, எங்களூர்க்கு உரிய ஓர் உவமையைக் கூற விடைதருக. திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவருள் ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார் என்பது வழிவழி வந்த செய்தி. கண்ணிலார் தோளிற் காலிலார் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்றனர்; ஒருவர் பாதிச் செய்யுள் பாட, மற்றவர் எஞ்சிய பாதியைப் பாடி முடித்தனர். சுமப்பவர் தோள்வலி மிக்கிருந்து, அமர்ந்தவர் மெலிந்தவராயின் பயணத்திற்கு ஊறில்லை. அமர்ந்தவர் பருத்தவராய்ச் சுமப்பவர் மெலிந்தவராயின் இருவரும் வழியில் வீழ்வர். மீன்காட்டியிலும் அஃதே. பெட்டி வழிகாட்டுவது, டிரான்ஸ்டியூசர் சுமப்பது. சுமப்பதன் தோளை அளந்தன்றோ ஏறுதல் வேண்டும்!

அளவுக்கு மிஞ்சிய திறனைச் செலுத்தினால் வில்லை சூடேறும். தன் மின்னியல்பை இழக்கும். சிலபோது வெடித்துப் பிளக்கும். இக்கேடு உடனே தோன்றினால் கடையில் நின்று கேட்கலாம். பெரும்பாலும் அது மெல்லமெல்ல வருதலே கொடுமை. திரையில் மீன்குறி நாளுக்குநாள் மங்கும். தரைக்கோடு விட்டுவிட்டுத் தோன்றும். மீனவர் கடலில் மீன் இல்லை என்று எண்ணுவாரேயன்றிக் கருவி செவிடாயிற்று என்று எண்ணார். மரக்காணத்தை அடுத்த குப்பம் ஒன்றில் எனக்கு அறிமுகமான மூத்த மீனவர் ஒருவர், நல்ல பெட்டி ஒன்றிற்குப் பழைய டிரான்ஸ்டியூசர் ஒன்றை விலை மலிவு கருதி வாங்கிப் பூட்டினார். ஒரு பருவம் முடியுமுன் அது செயலிழந்தது. "பிளக்குப் பொருந்திச்சு தம்பி, பொருந்தினதெல்லாம் சேரும்னு நெனச்சேன்" என்று அவர் சொன்ன சொல்லில் இவ்விடரின் வரலாறு முழுதும் அடங்கியுள்ளது. முள்ளும் துளையும் பொருந்துதல் வேறு. வலியும் வலியும் பொருந்துதல் வேறு.

இனி, எண்ணைப் பார்த்து வாங்குவேன் என்பாரையும் மயக்கும் ஒரு பொறி உண்டு. ஒரே கருவியின் திறனை இருவகையாக எழுதலாம். ஆர்.எம்.எஸ். வாட் என்பது உண்மையிற் பயன்படும் அளவு. பீக்-டு-பீக் வாட் என்பது மின்னலையின் மேல்முகட்டிற்கும் கீழ்ப்பள்ளத்திற்கும் இடைப்பட்ட முழு உயரத்தைக் கொண்டு கணக்கிட்டது. இரண்டாம் முறையில் மின்னழுத்தம் 2.83 மடங்காகத் தோன்றும். திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பற்றியதாகலின், எட்டு மடங்காகப் பெருகிக் காணும். ஆகவே, பெட்டியின்மேல் 4,800 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதும், மற்றொன்றில் 600 வாட் என்று அடக்கமாக அச்சிட்டிருப்பதும் ஒரே வலியினவாதல் கூடும். இதனால் விளையும் கேடு ஏமாற்றம் மட்டுமன்று. 1,000 வாட் ஆர்.எம்.எஸ். செலுத்தும் பெட்டியை உடையார் ஒருவர், 4,000 வாட் பீக்-டு-பீக் என்று எழுதிய டிரான்ஸ்டியூசரைக் கண்டு, நான்கு மடங்கு தாங்கும் என மகிழ்ந்து வாங்குவாராயின், அவர் வாங்கியது உண்மையில் 500 வாட் தாங்குவதே. நான்கு மடங்கு காப்பு என்று எண்ணியது பாதி வலியாய் முடிந்தது. இவ்விரு அளவையும் ஒன்றாக்கிப் பார்த்த பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். பீக்-டு-பீக் எண்ணை எட்டால் வகுக்க, ஆர்.எம்.எஸ். எண் கிடைக்கும். மூன்றாம் வகுப்புக் கணக்கே இது. ஆனால் வகுக்கவேண்டும் என்று சொல்வாரே வேண்டும்.

திறன் ஒத்தமையால் மட்டும் இணைப்பு நிறைவெய்தாது. அதிர்வெண்ணும் ஒத்தல் வேண்டும். ஒவ்வொரு வில்லையும் தனக்குரிய அதிர்வெண்ணிலேயே நன்கு ஒலிக்கும். யாழ் நரம்பு தனக்குரிய பண்ணிலேயே ஒலிப்பது போல என்க. மீன்காட்டிகளில் 50 கிலோஹெர்ட்சும் 200 கிலோஹெர்ட்சும் மிகுதியும் வழங்குகின்றன. 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் 3 சென்டிமீட்டர்; அது ஆழச் செல்லும்; பெரும்பாலும் அகன்று பரவும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7.5 மில்லிமீட்டரே, அது நுணுக்கமாகக் காட்டும், ஆனால் கடல்நீர் அதனைப் பன்மடங்கு விரைந்து விழுங்கிவிடும். பல அதிர்வெண்களை ஒரே துடிப்பில் அடுக்கிச் செலுத்தும் சிர்ப் என்னும் முறை இக்காலத்துப் பரவியுள்ளது. அதற்கென அமைந்த அகன்ற வீச்சுடைய டிரான்ஸ்டியூசர் இல்லாதவழி அதன் பயன் முழுதும் கிட்டாது. மின்தடை அளவும் ஒத்தல் வேண்டும். ஒவ்வாதபோது நிறுவனத்தார் தரும் இணக்கப் பெட்டி ஒன்றை இடையில் வைத்தல் முறை. கம்பியை அறுத்து முறுக்கி ஒட்டுதல் முறையன்று. அவ்வொட்டின்வழி எஞ்சினது மின்னிரைச்சலும் உப்புநீரும் உட்புகும்.

"பணம் உள்ளது, பெரும்வலிக் கருவியே வாங்குவேன், அது மீனை மிகுதியாகக் காட்டுமன்றோ?" என்பாரும் உளர். இவர்க்குக் கணக்கே விடை. ஒலி செல்லும்போது ஒருமுறையும், மீளும்போது ஒருமுறையும் பரந்து தேய்கின்றது. ஆகவே ஒரு தனி மீனைக் காணும் தொலைவை இருமடங்காக்க, திறனைப் பதினாறு மடங்காக்குதல் வேண்டும். அதே டிரான்ஸ்டியூசரில் 600 வாட்டிலிருந்து 1,000 வாட்டிற்கு உயர்த்துவதால் அத்தொலைவு ஏறத்தாழ 14 விழுக்காட்டிற்குமேல் மிகாது. நீர் விழுங்குவதையும் சேர்த்தால் அதனினும் குறையும். பெருந்திறன் டிரான்ஸ்டியூசரால் வரும் உண்மையான நன்மை வேறு. அதன் வில்லை பெரிதாகலின் ஒலிக்கதிர் குறுகிக் கூர்மையுறும். எதிரொலியையும் நன்கு பற்றும். ஆகவே வாய் பெரிதாதலினும் செவி கூர்மையாதலே பயன் மிக்கது. மக்களுள்ளும் இஃது உண்மை என்பதை நம் கல்லூரிச் சொற்போர் மன்றத்தார் மறவாதிருப்பாராக!

எனவே, வினையின் வலியை முதலில் எண்ணுக. கரையை ஒட்டிச் சில பத்துப் பாக ஆழத்தில் வலைவிடும் ஃபைபர் படகிற்கு 200 கிலோஹெர்ட்சும் 600 வாட்டும் மிகவும் போதும். குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர் போல ஆழ்கடலில் நாள்பல தங்கித் தூண்டிலிடுவார்க்கு 50 கிலோஹெர்ட்சும் மிகுந்த திறனும் வேண்டும். முன்னவர் பின்னவரைப் பார்த்துக் கருவி வாங்குதலும், பின்னவர் விலை கருதி முன்னவர் கருவியைக் கொள்ளுதலும் ஒக்கப் பிழையாம். இன்னும் ஒன்று. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடைபெறுகின்றது. கரையேறிய படகைப் பழுதுபார்க்கும் அக்காலமே இணைப்பைச் சோதித்தற்குத் தக்கது. ஆயினும், நீரில் இல்லாத டிரான்ஸ்டியூசருக்கு நெடுநேரம் மின்விசை செலுத்துதல் ஆகாது. நீர்தான் அதன் சூட்டை வாங்குவது. தடித்த வண்ணப்பூச்சினால் அதன் முகத்தை மூடுதலும், நுரை பாயும் இடத்தில் அதனைப் பொருத்துதலும் அதன் செவியை நாமே அடைத்தலாகும்.

இவ்விடத்தே இரண்டு மறுப்புக்கள் எழும். நம் முன்னோர் கரையிற் காணும் இரு பனைகளை நேர்நிறுத்திக் கடலடிப் பாரை அறிந்தனர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழம் அளந்தனர். நீரின் நிறத்தாலும் பறவையின் வட்டத்தாலும் மீனை உணர்ந்தனர். கருவி எற்றுக்கு என்பது ஒன்று. அவ்வறிவு போற்றத்தக்கது, அதனை இழத்தல் பெருங்கேடு. ஆனால் மீனவர் கருவியை வாங்கிவிட்டனர். வாங்கியதை முறையாக வாங்குக என்பதே என் வேண்டுகோள். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் கொண்டு மீன் கூடும் இடங்களை அறிவிக்கின்றது. அவ்விடம் சென்றபின் எத்தனை பாகத்தில் மீன் உள்ளது என அறியக் கருவியே உதவும். வலையைக் கிழிக்கும் பாறையைக் காட்டுவதும் அதுவே. கருவி மிகுந்தால் கடல் வறளும் என்பது இரண்டாம் மறுப்பு. இதன்கண் உண்மை உண்டு. ஆனால் பழுதுபட்ட கருவி மீனைக் காப்பதில்லை. அது வீணாக எரிபொருளையும் உழைப்பையும் எரிக்கின்றது. கடலைக் காப்பன தடைக்காலமும் வலைக்கண் அளவும் மனக்கட்டுப்பாடுமே. ஏழையின் அறியாமையைக் கடலுக்கு வேலியாக்குதல் நீதியன்று.

நிற்க. மேலே கூறியவற்றுள் கற்றற்கு அரியது ஒன்றுமில்லை. ஒப்பிடுதல், எட்டால் வகுத்தல், அதிர்வெண் பார்த்தல் ஆகிய மூன்றே. எனினும் இவை மீனவர்க்கு எட்டாமை ஏன்? நான் கண்ட கருவிகளின் கையேடுகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. செலுத்து திறனும் தாங்கு திறனும் கையேட்டின் கடைசிப் பக்கத்துச் சிற்றெழுத்தில் உறங்குகின்றன. கடலில் நாற்பதாண்டு உழைத்தவர், ஆங்கிலம் அறியாமை ஒன்றினாலே, தம் பணத்தின்மேல் தமக்கே அறிவில்லாதவராக நிற்கின்றார். இதுவே யான் முன்னர்ச் சொன்ன மொழியிடர். தமிழ் அறிவியலுக்கு ஆற்றாது என்று இன்னும் சிலர் கூறுகின்றனர். ஆற்றுமா என்பதை மேடையில் வாதிடுவதினும், ஒரு டிரான்ஸ்டியூசரின் முகப்பில் 'தாங்கு திறன் 600 வாட். 200 கிலோஹெர்ட்ஸ்' என்று தமிழில் ஒட்டிக் காட்டுதலே சிறந்த விடையாகும்.

ஆதலின் யான் வேண்டுவன சில. விற்பார் தம் பொருளில் ஆர்.எம்.எஸ். திறனையே முதன்மையாக எழுதுக. மானியம் தந்து கருவி வாங்கித்தரும் இடங்களில், பெட்டியையும் டிரான்ஸ்டியூசரையும் ஒத்த தொகுதியாகவே தருக. கொச்சியில் 1957 இல் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும், நாகப்பட்டினத்தில் 2012 இல் தோன்றிய மீன்வளப் பல்கலைக்கழகமும் போன்ற நிலையங்களின் அறிவு, ஒரு பக்கத் துண்டுத்தாளாகக் குப்பந்தோறும் செல்க. நம் கல்லூரியும் இதில் வாளா இருத்தல் வேண்டா. பௌதிக வகுப்பினர் கணக்கைத் தருக. தமிழ் வகுப்பினர் சொல்லைத் தருக. விடுமுறையில் மரக்காணத்திற்கும் பொம்மையார்பாளையத்திற்கும் சென்று, மீனவர் வழக்கிலுள்ள சொல்லைக் கேட்டு, அச்சொல்லிலேயே எழுதித் தருவோம். அவர்க்குக் கற்பிக்கச் செல்கின்றோம் என்று செருக்குறாது, பாகக்கணக்கும் பாரின் பெயரும் அவரிடம் கற்றுத் திரும்புவோம். கொடுப்பவர் கொள்பவர் வலியும் ஒத்திருத்தல் அன்றோ நல்ல இணைப்பு!

இரட்டைப் புலவர் எங்களூர்க் கலம்பகத்தில், ஆற்றின் எக்கரையிற் கோயில் உள்ளது என்பதைத் தவறிப் பாடினர் என்றும், அன்றிரவே பம்பை திசைமாறி அப்பாட்டை மெய்யாக்கிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. புலவர்க்காக ஆறு இரங்கியிருக்கலாம். ஆனால் தவறப் பூட்டிய கருவிக்காகக் கடல் தன் ஆழத்தை மாற்றிக்கொள்ளாது. கடன் கொடுத்தவரும் தம் கணக்கை மாற்றிக்கொள்ளார். ஆகலின், மாறவேண்டுவது நம் வழக்கமே. எண்ணின் பெருமையைக் கண்டு மயங்காது, வினையின் வலியும் கருவியின் வலியும் துணையின் வலியும் தூக்கி வாங்கும் அறிவு நம் நெய்தல் நிலமெங்கும் தமிழிற் பரவுவதாக.